வினாவைத் தேர்தல்

[நம் சங்கத்தின் கல்வி நிதிக் கூட்டத்தில், சின்னசேலத்தில், தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்]

   

வாணிபவியலில் ஆராய்ச்சி செய்யப் புகும் நம் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள் சொல்லுமாறு காரியதரிசியவர்கள் பணித்தபொழுது யான் சிறிது தயங்கினேன். எழுத்தும் சொல்லும் கற்பித்துக் காலங்கழிக்கும் ஒரு தமிழ்ப் பண்டிதனுக்கும் எம்.காம்., எம்.பி.ஏ. மாணாக்கரின் ஆராய்ச்சிக்கும் யாது இயைபு என்று தாங்கள் ஐயுறலாம். இயைபு ஒன்று உண்டு. சில ஆண்டுகளாக நம்மவர் மக்கள் தம் வினாத்தாள்களை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வருகின்றனர். "ஐயா, இதைத் தமிழில் ஆக்கிக் கொடுங்கள், கடைத்தெருவில் உள்ளவர்களிடம் கேட்கவேண்டும்" என்பர். யானும் ஆக்கிக் கொடுப்பேன். ஆங்கிலத்திற் கம்பீரமாய்த் தோன்றிய ஒரு வினா, சந்தைக்கு வந்த கிழவி ஒருத்திக்கு விளங்கும்படி தமிழில் எழுதப்பட்டவுடன், உள்ளே ஒன்றுமில்லாத வெறுங்கூடாய் நிற்பதைப் பன்முறை கண்டிருக்கிறேன். அங்ஙனம் கண்டதைக்கொண்டே இன்று பேசத் துணிந்தேன்.

இக்காலத்து இளைஞர் பலர் விரும்பி எடுக்கும் பொருள், பாடநூல்கள் 'பசுமைச் சந்தைப்படுத்தல்' என்று கூறுவது. அச்சொல் என் நாவிற் புரளாமையால் யான் 'பசுமை வாணிபம்' என்றே கூறுவேன், பொறுத்தருள்க. மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் கேடு குறைவாய்ச் செய்யும் பொருள்களை ஆக்கி, அவ்வியல்பை எடுத்துச்சொல்லி விற்றல் அது. அப்பொருள்களை மக்கள் ஏன் வாங்குகின்றனர், ஏன் வாங்காது செல்கின்றனர் என்று ஆராய்வது அதன் மறுபாதி. அமெரிக்காவின் வாணிபவியற் கழகம் 1975-ஆம் ஆண்டிலேயே இதுபற்றி ஒரு கருத்தரங்கு கூட்டியது. நம் நாட்டில் மத்திய அரசாங்கம் 1991-ஆம் ஆண்டில் மண்பானையைச் சின்னமாகக்கொண்டு 'ஈகோமார்க்' என்னும் முத்திரையை ஏற்படுத்திற்று. முப்பதாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. இங்குக் கூடியிருப்போருள் எத்தனை பேர் அப்பானையை ஒரு சோப்பின்மீதோ காகிதக் கட்டின்மீதோ கண்டிருக்கிறீர்கள் என்று யான் கை தூக்கச் சொல்லப்போவதில்லை. யானே கண்டதில்லை. 2024-ஆம் ஆண்டில் அம்முத்திரைக்குப் புதிய விதிகள் வந்துள்ளன. அவ்வாண்டு அக்டோபரில், சான்றின்றிப் 'பசுமை' என்றும் 'இயற்கை' என்றும் பறைசாற்றி விற்போரைத் தடுக்கும் நெறிமுறைகளும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தால் வெளியிடப்பட்டன. ஆகவே ஆராய்வதற்கு இப்பொருளிற் சரக்கு உண்டு. குறை பொருளில் இல்லை. நாம் அதனைக் கேட்கும் வகையிலே உள்ளது.

நம் பிள்ளைகள் கொண்டுவரும் தலைப்பு பெரும்பாலும் ஒன்றே. 'பசுமைப் பொருள்களைப்பற்றிய நுகர்வோர் விழிப்புணர்ச்சி: ஓர் ஆய்வு' என்று தொடங்கி, முடிவில் ஊர்ப்பெயர் மட்டும் மாறும். ஒருவர்க்குச் சேலம், ஒருவர்க்கு ஆத்தூர், ஒருவர்க்குக் கள்ளக்குறிச்சி, ஒருவர்க்கு நம் சின்னசேலம். ஊர்ப்பெயரை நீக்கிவிட்டால் எந்த ஏடு எவருடையது என்று எழுதினவர்க்கே தெரியாது.

இதனால் விளைந்த ஒரு துன்பத்தைச் சொல்லுகிறேன். அரிசி மண்டியிற் கணக்கெழுதும் ஒருவருடைய மகள். அவ்வீட்டிற் பட்டப்படிப்பைக் கடந்து சென்ற முதற்பெண். அவள் ஒருநாள் முப்பத்திரண்டு வினாக்கள் கொண்ட தாளொன்றை என்னிடம் கொணர்ந்தாள். முதல் வினா, சுற்றுச்சூழலைப் பாதுகாப்பது அவசியம் என்று கருதுகிறீர்களா என்பது. 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' ஈறாக ஐந்து கட்டங்கள். ஏனைய வினாக்களும் அதன் உடன்பிறப்புக்களே. யான் பெயர்த்துக் கொடுத்தேன். அவள் சித்திரை வெயிலில் இரயில் நிலையத்திலிருந்து பஸ் நிலையம் வரையில் கடை கடையாய், வீடு வீடாய் நடந்து தாள்களை நிரப்பி வாங்கினாள். பின்பு அக்கட்டைச் சுமந்துகொண்டு என்னிடம் வந்து, "ஐயா, எல்லாரும் உடன்படுகிறேன் என்றே போட்டிருக்கிறார்கள். இனி நான் என்ன எழுதுவது?" என்றாள்.

எனக்கு விடை தோன்றவில்லை. அத்தாள்களுள் ஒன்று யானே நிரப்பியது. 'கடைக்குச் செல்லும்போது துணிப்பை கொண்டுசெல்வீர்களா' என்ற வினாவுக்கு 'எப்பொழுதும்' என்ற கட்டத்திற் குறியிட்டவன் யான். அன்று மாலையே தக்காளியைப் பிளாஸ்டிக் கவரில் தொங்கவிட்டுக்கொண்டு வீடு சேர்ந்தேன். என் மனைவி அக்கவரையும், மேசைமீதிருந்த தாளையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாது உள்ளே சென்றாள். யான் பொய் சொல்லவேண்டுமென்று எண்ணிச் சொன்னவனல்லன். குறியிட்ட நேரத்தில் யான் என்னை அப்படிப்பட்டவனாகவே நம்பியிருந்தேன்.

அப்பெண் எப்படியோ எழுதி முடித்தாள். வாய்மொழித் தேர்வில், "இவ்வாராய்ச்சிக்கு முன் உனக்குத் தெரியாதது எது இப்பொழுது தெரிந்தது?" என்று தேர்வாளர் கேட்டாராம். அவள் வாய்பேசாது நின்றாளாம். பட்டம் கிடைத்தது; எனினும் அவள் அதைச் சொன்னபோது அவள் கண் கலங்கியதை யான் மறக்கவில்லை. ஓராண்டுக் காலமும், அவள் தந்தை கடன் வாங்கி அச்சிட்ட செலவும், அவ்வெயிலும் ஒரு வினாவின் குறையாற் பாழாயின. குறையிற் பாதி என்னுடையது. பெயர்க்கும்பொழுதே எனக்கு உள்ளே உறுத்திற்று. பெரிய படிப்புப் படிக்கிற பிள்ளை, நமக்கென்ன தெரியும் என்று வாளாவிருந்துவிட்டேன்.

நிற்க. அன்றிரவு நன்னூலைப் புரட்டினேன். வேறு எதைப் புரட்டுவேன்! பவணந்தி முனிவர் வினாவை ஆறு வகையாகப் பகுத்துள்ளார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன அவை. தான் விடை அறிந்திருந்தும் மாணாக்கன் அறிவானோ என்று ஆசிரியன் கேட்பது அறிவினா. அறியாதவன் அறிதற்பொருட்டுக் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ என்று மனம் இரண்டுபட்டுக் கேட்பது ஐயவினா. கடைக்காரரிடம் துவரை இருக்கிறதா என்பது, வாங்கிக்கொள்ளக் கருதிய கொளல்வினா. உடையில்லாதவனை நோக்கி உனக்கு ஆடையில்லையா என்பது, கொடுக்கக் கருதிய கொடைவினா. பையனைப் பார்த்துப் பாடம் படித்தாயா என்பது, படி என்னும் ஏவலை உள்ளடக்கிய ஏவல்வினா.

இவ்வாறையும் வைத்துக்கொண்டு அப்பெண்ணின் முப்பத்திரண்டு வினாக்களையும் வகை பிரித்துப் பார்த்தேன். ஏறக்குறைய யாவும் ஏவல்வினாக்களே! 'பூமியைக் காக்கவேண்டாமா? பிளாஸ்டிக்கை விடவேண்டாமா?' என்று ஒரு பெண்பிள்ளை வெயிலில் நின்று பணிவாய்க் கேட்டால், எந்த நல்ல மனிதர் வேண்டாமென்பார்? அவர் தந்தது விடையன்று, மரியாதை. எஞ்சிய சில, அறிவினாக்கள். படித்தோர் கல்லாதாரைவிடப் பசுமைப் பொருள்களை அதிகம் அறிந்திருக்கின்றனரா என்பதுபோல்வன. ஆராய்ச்சிக்கு உரியன அறியாவினாவும் ஐயவினாவுமே. அவற்றுள்ளும் ஐயவினா சிறந்ததென்பது என் துணிபு. ஏனெனின் ஐயமுடையவன் இரண்டு விடைகளையும் முன்னரே நினைத்துப் பார்த்திருக்கிறான். ஒன்று பொய்யானால் மற்றொன்று நிற்கும். அறியாவினாவோ சில வேளை திசையறியாது அலையவிடும்.

வாயினாற் சொல்வதும் கையினாற் செய்வதும் வேறுபடும் என்பதனை மேனாட்டார் நெடுங்காலத்துக்கு முன்னரே சோதித்தறிந்துள்ளனர். லாப்பியர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், சீன தேசத்து இளைஞர் ஒருவரோடும் அவர் மனைவியோடும் 1930-ஆம் ஆண்டு முதலாக அந்நாடெங்கும் காரிற் சுற்றினார். சீனரிடத்து அங்கு மிக்க வெறுப்பிருந்த காலம் அது. அவர்கள் சென்ற விடுதிகளும் உணவுக்கடைகளும் 251. இடமில்லையென்று மறுத்தது ஒன்றே ஒன்று. ஆறு மாதங் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, 'சீனரைத் தாங்கள் ஏற்பீர்களா' என்று கேட்டார். விடையெழுதியவர் 128 பேர். அவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் ஏற்கமாட்டோம் என்றே எழுதினர். இவ்வாராய்ச்சி 1934-இல் வெளியாயிற்று. அங்கே வாய் மறுத்தது, கை ஏற்றது. நம் கடைத்தெருவிலோ வாய் ஏற்கிறது, கை மறுக்கிறது. எதிர்முகமாயினும் இடைவெளி ஒன்றுதான். வினாத்தாளை மட்டும் நம்புகிறவர் இவ்விடைவெளியின் ஒரு கரையை மட்டுமே காண்கிறார்.

இன்னொரு தடையும் உண்டு. அதனை நம் பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பதேயில்லை. தமிழக அரசு 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25-ந் தேதி பிறப்பித்த ஆணையால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தடுக்கப்பட்டுள்ளன. கைப்பைக் கவர், கனம் எவ்வளவாயினும், அவற்றுள் ஒன்று. அங்ஙனமாக, ஒரு கடைக்காரரிடம் போய், 'தாங்கள் வாரத்திற்கு எத்தனை கவர் கொடுக்கிறீர்கள்' என்று எழுத்துமூலமாய்க் கேட்பது, 'தாங்கள் வாரத்திற்கு எத்தனை முறை சட்டத்தை மீறுகிறீர்கள்' என்று கேட்பதேயாம். பேரூராட்சிக்காரர் வந்து அபராதம் விதித்துச் சென்ற கடையில் அடுத்த நாளே தாளை நீட்டினால் உண்மை வருமா? நம்மவருள் கடை வைத்திருப்போர் பலர் இங்கு இருக்கிறீர்கள். யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 'விழிப்புணர்ச்சி உண்டா' என்னும் வினாவும் அத்தேதியோடு இறந்தது. கவர் கேடென்பதை அறியாத ஒருவரைச் சின்னசேலத்தில் விளக்கேற்றித் தேடினாலும் காணமுடியாது. அறிந்தும் கை ஏன் நீளுகின்றது என்பதே எஞ்சி நிற்கும் வினா.

அதனை ஓர் ஐயவினாவாக்கிப் பார்ப்போம். நம் பாட்டனார் காலந்தொட்டு மஞ்சட்பை நமக்குப் புதிதன்று. கல்யாண வீடுகளில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் இட்டு, மணமக்கள் பெயரும் முகூர்த்த நாளும் அச்சிட்டுக் கொடுத்த தாம்பூலப் பை எல்லார் வீட்டு ஆணியிலும் தொங்கியது. பின்பு அதே பை பட்டிக்காட்டானுக்கு அடையாளமாயிற்று. மஞ்சப்பையோடு பட்டணம் வந்தவன் என்றால் ஏளனம். சினிமாவும் அவ்வேளனத்தை வளர்த்தது. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தைச் சென்னையில் தொடங்கிற்று. 2022-இல் கோயம்பேட்டுச் சந்தையில், பத்து ரூபாய் இட்டால் ஒரு மஞ்சட்பை தரும் இயந்திரமும் வைத்தனர். இங்கே ஐயம் பிறக்கின்றது. மக்கள் பையைக் கொண்டுவராமைக்குக் காரணம் மறதியா? செலவா? அன்றி அப்பழைய நாணமா? மறதியென்றால், பையை வண்டியிலேயே வைத்திருக்கச் செய்வது மருந்து. செலவென்றால், கவருக்கு விலை வைப்பது மருந்து. அயர்லாந்து தேசத்தார் 2002-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஒரு பைக்கு 15 சென்ட் வரி விதித்தவுடன், பையின் பயன் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வீழ்ந்தது. நாணமென்றாலோ, இவ்விரண்டு மருந்தும் பலியா. அப்பொழுது பை மஞ்சளாயிருப்பதே அதற்குத் தடையாகும். அதனைப் பெருமைச் சின்னமாக்க அரசு முயல்கின்றது. பெருமையாயிற்றா, இன்னும் நாணமாகவே உள்ளதா? எனக்குத் தெரியவில்லை. இங்குள்ள ஒருவர்க்கும் தெரியாதென்றே எண்ணுகிறேன். ஆகவே இஃது ஆராய்தற்குரிய வினா.

இதனைச் சோதிக்கப் பெருஞ்செலவு வேண்டா. ஒரு மளிகைக்கடைக்காரரின் இசைவு பெறுக. வருவோர்க்கு ஒருவர் விட்டு ஒருவராக, ஒரே அளவும் ஒரே துணியுமான இருவகைப் பைகளை இலவசமாய்க் கொடுக்க. ஒன்று மஞ்சள், மற்றொன்று வெளுக்காத துணியின் இயல்பு நிறம். அடுத்த மூன்று வாரம் எந்நிறப் பை எத்தனை திரும்பி வருகின்றதென்று கல்லாவுக்குப் பக்கத்தில் அமர்ந்து கோடு போட்டு எண்ணுக. பெயர் எழுதவேண்டா, ஊர் கேட்கவேண்டா. மஞ்சள் குறைந்து வந்தால் ஒரு செய்தி; இரண்டும் சமமாய் வந்தால் வேறொரு செய்தி; மஞ்சளே மிகுந்து வந்தால் அரசாங்கத்தார் மகிழ்வர். எவ்விடை வந்தாலும் எழுதுவதற்கு ஒன்று இருக்கின்றது பாருங்கள்! முப்பத்திரண்டு வினா கேட்ட அப்பெண்ணுக்கு அது வாய்க்கவில்லை.

ஒரு சிறு மாற்றம் எவ்வளவு பேசும் என்பதற்கு மேலும் ஒரு சான்று. அமெரிக்க விடுதியொன்றில் தங்குவோர் துண்டை நாள்தோறும் துவைக்கப் போடாது மீண்டும் பயன்படுத்தவேண்டுமென்று குளியலறையில் அட்டை வைப்பது வழக்கம். கோல்ட்ஸ்டீன், சியால்டினி, கிரிஸ்கெவிசியஸ் என்னும் மூவர் அவ்வட்டையின் வாசகத்தை மட்டும் மாற்றி வைத்து 2008-இல் முடிவை வெளியிட்டனர். சுற்றுச்சூழலைக் காப்பாற்றுங்கள் என்ற அட்டைக்கு இணங்கியோர் நூற்றுக்கு 35 பேர். இங்குத் தங்குவோருட் பெரும்பாலோர் அவ்வாறு செய்கின்றனர் என்ற அட்டைக்கு 44 பேர். இதே அறையில் தங்கியவர் செய்தனர் என்றதற்கு ஏறத்தாழ 49 பேர். இத்தனைக்கும் அவர் எவரையும் ஒரு வினாவும் கேட்டிலர். துண்டுகளை எண்ணினர், அவ்வளவே.

இனி நம் மண்ணுக்கே உரிய ஒரு பொருளைச் சொல்கிறேன். அதிலே வாணிபமும் பசுமையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. கல்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்திலும் விளையும் மரவள்ளிக் கிழங்கு, ஆத்தூர், சின்னசேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்கு வருவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். தோலுரித்து, கழுவி, அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவைத்து, மாவாக்கி, உருட்டி, வறுத்து, களத்திற் காயவைத்தால் ஜவ்வரிசி. இயல்பாய்ச் செய்த ஜவ்வரிசி பால்போல் வெளுத்திராது, சற்றே மங்கலாயிருக்கும். ஆனால் நம் ஜவ்வரிசியைப் பெரிதும் வாங்குவோர் வடநாட்டார். அவர்கள் விரத நாட்களில் உண்ணும் சாபுதானா இதுவே. வெண்மையே தூய்மை என்பது வாங்குவோர் கண்ணின் கணக்கு. அதற்கு ஈடுகொடுப்பதற்காகச் சிலர் வெளுப்பிக்கும் இரசாயனங்களைச் சேர்க்கப்போய், உணவுப் பாதுகாப்புத் துறையார் சோதனையும் வழக்குமாய்த் தொடர்ந்த கதை இப்பக்கத்தார்க்குத் தெரியும். ஆலைக்காரரை மட்டும் பழிப்பதில் யான் சேரேன். கலப்பில்லாது மங்கலாய்ச் செய்தவனுக்கு விலை குறைகிறது. வெளுக்கச் செய்தவனுக்கு ஏறுகிறது. வாங்குவோன் கண்ணே அவனைத் தூண்டுகிறது. சேலம் ஜவ்வரிசி 2023-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. குறியீடு பெற்றுவிட்டோம், கண் மாறிற்றா? வெல்லத்திலும் இதே கதை. பொங்கலுக்குப் பொன்போல் வெளுத்த வெல்லத்தையே நாம் தேடுகிறோம். கருத்த வெல்லமே கலப்பற்றது என்று திண்ணையிற் பேசிக்கொண்டே தேடுகிறோம்.

இதில் ஒரு நல்ல வினா உள்ளது. வெளுப்பிக்காத ஜவ்வரிசி ஒரு தட்டிலும் வெள்ளை வெளேரென்றது ஒரு தட்டிலும் வைத்து, ஒன்றும் எழுதாமல் விற்றால் எது போகின்றது? அதே இரண்டையும், 'இரசாயனம் சேராதது, ஆதலின் நிறம் மங்கல்' என்று ஒரு வரி எழுதி வைத்து விற்றால் எது போகின்றது? மங்கலானதற்குக் கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏற்றி வைத்தால் எது? காரணத்தைச் சொன்னால் கண் மாறுமா என்பதே வினா. மாறுமென்று முடிவு வந்தால், நம் பக்கத்து ஆலைகளுக்கும் மலைமேற் கிழங்கு போடும் குடியானவர்க்கும் அது சோறிடும் ஆராய்ச்சி. மாறாதென்று வந்தால், சீட்டு ஒட்டுவதில் பணத்தைக் கொட்டவேண்டா என்று எச்சரிக்கும் ஆராய்ச்சி. ஒன்று மட்டும் கவனிக்க. வெளுப்பித்த சரக்கை ஆராய்ச்சியின் பெயரால் மக்கள் வாயில் இடுதல் தகாது. வெள்ளைத் தட்டில் வைப்பதும் பரிசோதனை பெற்ற நல்ல சரக்காகவே இருத்தல் வேண்டும். இதனை முதலிலேயே தீர்த்துக்கொள்ளாதவர் இவ்வினாவைத் தொடாதிருப்பதே நன்று.

மலைத் தேனைப்பற்றியும் ஒரு சொல். 'அசல் கல்வராயன் மலைத் தேன்' என்ற பலகையை நாம் சாலையோரங்களிற் காண்கிறோம். சாமையும் தினையும் புளியும் கடுக்காயும் அவ்வாறே மலைப்பெயரோடு விலையாகின்றன. இயற்கை வேளாண்மைப் பொருளென்று சொல்லி விற்பதற்குத் தேசியச் சான்று முறையும், குடியானவர் குழுவாய்ச் சேர்ந்து ஒருவரையொருவர் சோதித்துத் தரும் பி.ஜி.எஸ். முறையும் உள்ளன. 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி 'ஜைவிக் பாரத்' என்னும் முத்திரையும் வந்தது. தன் விளைவைத் தானே நேரில் விற்கும் சிறு குடியானவர்க்கு அவ்விதிகள் விலக்கு அளிக்கின்றன. ஆகவே நம் சந்தையில் இரண்டு பசுமைகள் பக்கம் பக்கமாய் நிற்கின்றன. முத்திரை உண்டு, விற்பவர் யாரென்று தெரியாது. இது பெட்டிக் கடையின் பசுமை. முத்திரை இல்லை, வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து கூடையோடு இறங்கி வந்த அம்மாள் எதிரே நிற்கிறாள். இது கூடையின் பசுமை. சின்னசேலத்தார் எதனை நம்பிக் காசு கொடுக்கின்றனர்? சீட்டையா, முகத்தையா? முகத்தையென்றால், அம்முகத்தைப்போல் வேடமிட்டுச் சர்க்கரைப் பாகு விற்பவனை எதனால் கண்டுபிடிக்கின்றனர்? வினா ஆழமாய்ப் போகின்றது. நன்னூலார் நூற்குற்றம் பத்து என்றார். அவற்றுள் 'மற்றொன்று விரித்தல்' ஒன்று. அக்குற்றம் என்மேல் வருமுன் மீள்கிறேன்.

மாணவச் செல்வங்களே, வினாவைத் தேர்ந்தபின் அதனை ஒரு வரியில், ஆங்கிலமின்றித் தமிழில் எழுதி, உங்கள் அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். அவர் "இது தெரிந்ததுதானே" என்றால் அதனை விடுக. "இது தெரிந்து என்ன ஆகப்போகிறது" என்றால், அதற்கு உங்களிடம் மறுமொழி உண்டா என்று பார்க்க. "அட, எனக்கும் தெரியவில்லையே" என்றால் பற்றிக்கொள்க. அப்புறம், எண்ணக்கூடியது ஏதேனும் அதில் உண்டா என்று நோக்குக. பை, துண்டு, கிலோ, ரூபாய், திரும்பி வந்த முகம் முதலியன எண்ணக்கூடியவை. 'விழிப்புணர்ச்சி', 'மனப்பான்மை' என்பன அங்ஙனம் எளிதில் எண்ணுக்குள் அகப்படா. சந்தை நாளும் சாதாரண நாளும் ஒன்றல்ல. சம்பளம் வாங்கிய வாரமும் மாதக் கடைசியும் ஒன்றல்ல. பொங்கல், தீபாவளி வேறு. இவற்றை ஒன்றோடொன்று குழப்பி எண்ணினால், நிறத்தால் வந்த வேறுபாடா நாளால் வந்த வேறுபாடா என்பது தெரியாமற்போம். வினாத்தாளே கூடாதென்று யான் சொன்னதாக எவரும் கொள்ளற்க. எண்ணி முடித்த பின், ஏன் அப்படிச் செய்தனர் என்று கேட்பதற்கு அது வேண்டும். கையைக் கண்ட பின் வாயைக் கேட்பது முறை.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம் சங்கக் கல்வி நிதியிலிருந்து ஆராய்ச்சி மாணாக்கர்க்கு அச்சுச் செலவுக்கென்று உதவி செய்கிறோம். ஏட்டை அழகாய்க் கட்டடம் செய்வதற்கே அது போய்விடுகிறது. அதற்கு முன்னதாக, தம் வினாவை ஒரு வரியில் எழுதி, ஒரு வாரம் ஒரு கடையில் அமர்ந்து எண்ணிய கணக்கோடு வருவோர்க்கு முதற்பாதி உதவியைத் தருவதென்று நிர்வாகசபை தீர்மானித்தால் நலம். வினா பிழையென்று ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடும், ஓராண்டு மிஞ்சும். நம்மவர் கடைகளிலும் கல்யாண மண்டபத்திலும் எண்ணிக்கொள்ள இடங்கொடுங்கள். பிள்ளைகள் உங்களைக் காட்டிக்கொடுக்கமாட்டார்கள்; கடைப்பெயர் ஏட்டில் வராது என்பதற்கு யான் பொறுப்பு.

இச்சொற்பொழிவை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில், யான் வாடிக்கையாய்ச் சரக்கு வாங்கும் மளிகைக்கடைக்காரரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டிருந்தார். முடிவில், "ஐயா, உங்கள் பிள்ளைகள் யாரேனும் எனக்கு ஒன்று கண்டுபிடித்துச் சொல்லட்டும். பை கொண்டுவராதவரைச் சரக்கில்லை என்று திருப்பி அனுப்பினால், அவர் வீட்டுக்குப் போய்ப் பை எடுத்து வருவாரா, எதிர்க்கடைக்குப் போவாரா? அதுவும் எதிர்க்கடைக்காரரும் அன்றைக்கே நிறுத்தினால் என்ன ஆகும்? அதுதான் எனக்குத் தெரியவேண்டும். அபராதத்துக்கும் பயம், வியாபாரம் போகிறதற்கும் பயம்" என்றார்.

யான் இதுகாறும் கூறிய வினாக்களனைத்தினும் இது சிறந்தது. இதில் ஒரு கடைக்காரருடைய சோறு இருக்கின்றது. ஒரு தெருவில் எதிரெதிராயிருக்கும் இரண்டு கடைக்காரர்களும் ஒரு திங்கள் இசைந்தால் இதனைச் சோதிக்கலாம். அவ்வித இருவர் நம் சங்கத்திலேயே இருக்கின்றனர், அவர்கள் இங்கு வந்தும் இருக்கின்றனர். எடுக்க விரும்பும் மாணாக்கர் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வரலாம். வினாவை மட்டும் கொண்டுவந்தாற் போதும், தாள் வேண்டா.